புதுக் கணினியும் ஒற்றைக் கருங்கல்லும்

ஜூலை பதினேழாம் தேதி, ஆடி மாதப் பிறப்பு. ஓசூரில் விடியும்போதே சாரல். பட்டறை இருக்கும் குருபரப்பள்ளியில் பேருந்தைவிட்டு இறங்கியபோது சாரல் நின்று, சேலைத் தலைப்பைப் பறிக்கும் காற்று. கிரானைட் பட்டறையில் கணினி வேலை பார்ப்பவருக்குக் கணினி அறிவு பாதி போதும். மீதிப் பாதிக்குப் பொறுமையும் ஒரு நல்ல துடைக்கும் துணியும் வேண்டும். அன்றுதான் எங்கள் பட்டறைக்குப் புதுக் கணினி வந்தது. புதுக் கணினி வந்தால் வேலை அன்றே தொடங்கிவிடும் என்று நம்பி நொந்த அன்பர்களே, உங்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டேன். அதில் எழுதப்படும் ஒவ்வொன்றும் நான் வகுப்பில் கற்பித்த "சார்பு" என்பதே. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் என்றைக்கும் ஒரே விடையைத் தரும். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று பேசாது. ஓர் இதழை மட்டும் வரையறுத்துவிட்டு, அதைச் சுழற்று, திரும்ப வை என்று சொன்னால் தரை முழுவதும் பூ விரியும். என் வீட்டுத் தரைக்காக நான் அவ்வாறு வரைந்ததைப் பார்த்த முதலாளி முனிராஜ், தம் பட்டறைக்குத் தரைக்கோலங்கள் வரைந்து தருமாறு கேட்டார். அன்றிலிருந்து நான் பட்டறைக்காரி.

அப்போது எங்கள் கையில் இருந்த வேலை, கெலமங்கலத்தில் கௌரம்மா கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபம். மண்டபத்தின் நடுவில் வலப்பக்கமாகச் சுழலும் இதழ்ச் சக்கரம் பதிய வேண்டும். அதற்கென்று ஒரே ஒரு பெரிய கருப்புக் கற்பலகையை முனிராஜ் பாதுகாத்து வைத்திருந்தார். அது வந்த குவாரி மூடப்பட்டுவிட்டது. அந்த அளவில், அந்த நிறத்தில் வேறு பலகை கிடையாது. ஆவணியில் கௌரம்மாவின் மகளுக்கே அந்த மண்டபத்தில் முதல் திருமணம். இத்தகைய வேளையில்தான் பழைய கணினி கல்தூளைத் தின்று உயிரைவிட்டது. என் நிரல் மட்டும் பென் டிரைவில் பிழைத்திருந்தது. மற்றவை அனைத்தையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

எப்போதும் சொல்லும் விளக்கம்

எங்கள் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பளபளப்பான முகத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காகக் கல்லைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில்தான் படத்தை ஒட்டிக் கோடு கீறி அறுப்பார்கள். ஆகவே படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்க வேண்டும். கல்லைத் திருப்பினால் அது நேராகிவிடும். பழைய கணினியில் நான் பயன்படுத்திய வரைகலை நூலகம், அதாவது படம் வரைவதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு, உயரத்தை மேலிருந்து கீழாக அளக்கும். நானோ கரும்பலகை முறைப்படி கீழிருந்து மேலாக எழுதுபவள். இரண்டும் முரண்பட்டதால் படம் தானாகவே தலைகீழாகப் புரண்டு வந்தது; அதை அரைவட்டம் சுற்றி வைத்தால் இடவலம் மாறிய படமே. பட்டறைக்கு வேண்டியதும் அதுவே என்பதால் நான் அதைத் தொடவில்லை.

இதனால் கணினித் திரையைப் பார்க்கும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும், "படம் மாறியிருக்கே" என்று பதறுவார். நான் ஒரு காகிதத்தை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி விளக்குவேன். அத்தனை முறையும் உடனிருந்து கேட்ட முனிராஜ் ஒருநாள் சொன்னார்: "டீச்சர், இந்தப் பாடத்தை இன்னும் கொஞ்ச நாள் நடத்துனீங்கன்னா, அந்தக் கல்லே எந்திரிச்சுத் தானாத் திரும்பிப் படுத்துக்கும்ங்க."

தமிழ்ப் பற்றும் ஒரு கோப்புறையும்

அலுவலகப் பொறுப்பு இசக்கியம்மாளுடையது. கணவருக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் வருவதற்கு முன்பே கணினியைத் திறந்து, எனக்கு மகிழ்ச்சி தருவதற்காகப் பயனர் பெயரைத் தமிழிலேயே, "கணித ஆசிரியை" என்று இடைவெளிவிட்டுப் பதிந்து வைத்திருந்தார். நான் நெகிழ்ந்துபோனேன். ஹாஸ்கெல் நெகிழவில்லை. நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பி இறங்கியது, ஆனால் அடுத்து வந்த ஒவ்வொரு துணைக் கருவியும், என் பெயர்கொண்ட கோப்புறைக்குள் நுழைய மறுத்து, பாதி வழியில் நின்றது. தமிழ் எழுத்தும் நடுவிலுள்ள இடைவெளியும் அவற்றுக்குப் புரியவில்லை.

வேறு வழியின்றி, இடைவெளியில்லாத ஆங்கில எழுத்துகளில் புதிய பயனரை உருவாக்கினேன். அனைத்தும் மறுபேச்சின்றி நிறுவப்பட்டன. எனக்கு வருத்தம், இசக்கியம்மாளுக்குக் கோபம். திரையைப் பார்த்துக் கையை நீட்டி அவர் கேட்டார்: "நம்ம ஊர்க் கல்லை அறுக்க வந்துட்டு, நம்ம எழுத்தைப் படிக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? இதுக்கெல்லாம் எதுக்கு டீச்சர் மரியாத குடுக்குதீங்க?"

போர்த்திய பாசம்

அடுத்ததாக வரைகலை நூலகம். பழைய நூலகம் புதிய தொகுப்பியோடு ஒத்துப்போக மறுத்ததால், வேறொன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது உயரத்தைக் கீழிருந்து மேலாக, கரும்பலகை முறைப்படியே அளக்கும் என்று அதன் விளக்கக் குறிப்பில் படித்தபோது, நம் கட்சிக்காரர் ஒருவர் கிடைத்தார் என்று மகிழ்ந்தேன். ஒரு நூலகம் வேண்டுமென்றால் அது நம்பியிருக்கும் பத்து நூலகங்கள் முதலில் வேண்டும். அவற்றை எல்லாம் கணினி அங்கேயே உட்கார்ந்து தொகுக்கும். திருமணத்துக்கு ஒருவரை அழைத்தால் ஒரு வேன் வந்து இறங்குவதைப் போன்றது அது. கட்டளையைக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடச் சென்றேன்.

திரும்பி வந்தால் திரை அணைந்திருந்தது. கணினி அடுப்பைப் போல் சுட்டது. அறுப்பாளர் மாதப்பன், பழைய கணினிக்கு நேர்ந்த கதி இதற்கும் வரக்கூடாது என்று, கல்லைப் போர்த்தும் பாலிதீன் தாளால் அதை நாற்புறமும் இறுகக் கட்டிவிட்டிருந்தார். உள்ளே காற்றாடி மூச்சு முட்டிச் சுழன்று, வேலையின் நடுவிலேயே நின்றுவிட்டது. போர்வையை அவிழ்த்து, ஆறவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். கணினிக்கு உள்ளே காற்றாடி சுழல்வதை நான் காட்டியபோது, மாதப்பன் குனிந்து பார்த்துச் சொன்னார்: "அட, இதுவும் நம்மளாட்டம் மூச்சு வுடுதுங்களா டீச்சரம்மா? மொதல்லயே சொல்லியிருந்தா மூக்குக்கு மட்டும் ஓட்டை வுட்டுக் கட்டியிருப்பனே!"

முதல் தரக் கருப்பு

நூலகங்கள் அனைத்தும் அமைந்தபின் முதல் சோதனையாக ஒரு வெள்ளை வட்டத்தை வரையச் சொன்னேன். சாளரம் திறந்தது. உள்ளே வட்டம் இல்லை. கருப்பு, வெறும் கருப்பு. என் நிரலில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். தொகுப்பியின் கண்டிப்பு அத்தகையது. அடியை அங்குலத்தோடு கூட்டினால்கூட, "இவை வெவ்வேறு இனம்" என்று வரி எண்ணைச் சுட்டித் திருப்பி அனுப்பிவிடும். பணிக்காலத்தில் நான் கண்ட எந்தத் தேர்வாளரும் அவ்வளவு கறாரானவர் அல்லர், நான் உட்பட. அதனிடம் தேர்ச்சி பெற்ற நிரல் கருப்பாக நின்றதென்றால், குற்றம் வேறிடத்தில்தான். தேடிப் பார்த்தேன். படம் காட்டும் வன்பொருளுக்குரிய இயக்கி மென்பொருள் நிறுவப்படவே இல்லை.

அதை இறக்கிக்கொண்டிருந்தபோது முனிராஜ் வந்தார். திரை முழுவதும் பரவிய கருப்பை அருகில் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்து ஒளிபட வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வியாபாரிக் குரலில், மிகவும் தாழ்வாகக் கேட்டார்: "பிரமாதமான சரக்குங்க டீச்சர், ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்ல. எந்தக் குவாரிங்க? விலை என்னா சொல்றாங்கோ?"

யாரும் பதறாத நாள்

இயக்கியும் அமைந்தது. பென் டிரைவிலிருந்த என் நிரலைப் புதிய நூலகத்துக்கு ஏற்பத் திருத்தினேன், தொகுப்பி ஏற்றுக்கொண்டது, சக்கரம் திரையில் விரிந்தது. பழைய கணினியில் திக்கித் திணறி வந்த படம், இங்கே விரலைச் சொடுக்கும் நேரத்தில் வந்து, கூர்மையான விளிம்புகளோடு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. படத்தைத் தாள் தாளாக அச்சிட்டு, இசக்கியம்மாள் ஒட்டி முழு அளவாக்கி, மாதப்பனிடம் கொண்டுசென்றார். அவர் அந்த ஒற்றைக் கருப்புப் பலகையைக் குப்புறக் கிடத்தித் தயாராக வைத்திருந்தார்.

அவர் கோடு கீறிக்கொண்டிருந்த வேளையில் கௌரம்மா வந்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். மகிழ்ச்சி மிகுந்தால் தமிழுக்கு முன்னால் கன்னடம் வந்துவிடும். திரையைப் பார்த்ததும் இரு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "தும்பா சென்னாகிதே டீச்சர்! ரொம்ப நல்லாயிருக்கு! நான் மனசுல நெனச்ச மாதிரியே வலப்பக்கமா சுத்துது பாருங்க." முனிராஜ் சிரித்தார். இசக்கியம்மாள் காபி கொண்டுவந்தார். நான் முதல் வாய் பருகினேன். ஏதோ ஒன்று குறைந்தது. காபியில் அல்ல, பேச்சில். விளக்கம் சொல்வதற்காக எப்போதும்போல் எடுத்து வைத்திருந்த காகிதம் என் கையிலேயே இருந்தது. அதற்கு வேலை வரவில்லை. "படம் மாறியிருக்கே" என்று கௌரம்மா பதறவில்லை. ஏன் பதறவில்லை? திரையில் படம் நேராக இருக்கிறது. திரையில் நேராக இருந்தால், முதுகில் ஒட்டி அறுத்துத் திருப்பிய கல்லில் அது இடப்பக்கமாகச் சுழலும்.

கட்டரின் ஓசை கேட்டது. நான் எழுந்து ஓடினேன்; அவ்வாறு ஓடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலைக் கடக்கும்போதே, விளையாட்டுத் திடலின் மறுகோடிக்குக் கேட்கும் என் பழைய குரலில் கத்தினேன்: "நிறுத்து!" பட்டறை முழுவதும் நின்றது. பாலிஷ் போடுபவர்கள் நின்றார்கள். லாரியில் கல் ஏற்றியவர்கள் தோளில் சுமையோடு நின்றார்கள். மாதப்பனின் கட்டர் கல்லுக்கு மேலே, தொடாமல், அடங்கிப்போய் இருந்தது. கோடு கீறி முடித்து, முதல் இதழுக்காகக் குனிந்த நிலையில் இருந்தார். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "கரண்டு போனாக்கூட இந்தச் சக்கரம் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும்ங்க. உங்க சத்தத்துக்கு இருந்த எடத்துலயே நின்னுடுச்சுங்க டீச்சரம்மா!"

முகமும் முதுகும்

முனிராஜின் முகம் கல்தூளின் நிறத்துக்கு வந்திருந்தது. கௌரம்மா என்ன நடந்தது என்று புரியாமல் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டார். காகிதத்துக்கு இப்போது வேலை வந்தது. முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். பிறகு கணினியின் முன் அமர்ந்தேன். புதிய நூலகமும் நானும் ஒரே முறையில் அளந்ததால் பழைய முரண்பாடு போய், படம் நேராகிவிட்டிருந்தது. திருத்தம் ஒரே ஒரு சொல். முழுப் படத்தையும் பிரதிபலிக்கச் செய்யும் ஒரு சார்பு. அதை ஒரே இடத்தில் வைத்ததும் இதழ்கள் அனைத்தும் ஒருசேரத் திரும்பின. வேறு மொழியில் எழுதியிருந்தால் எத்தனை இடங்களில் கை வைக்க வேண்டியிருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆனால் ஒரு சொல்லோடு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. என் நினைவையும் வாடிக்கையாளரின் பதற்றத்தையும் நம்பி ஒரு கல்லை ஒப்படைக்கலாகாது. ஆகவே படங்களை இரண்டு இனமாகப் பிரித்தேன். வாடிக்கையாளர் பார்ப்பது "முகம்". கல்லில் ஒட்டுவது "முதுகு". முழு அளவில் அச்சிடும் பகுதி "முதுகு" இனத்தை மட்டுமே ஏற்கும். இனி யாரேனும் மறந்துபோய் முகத்தை அச்சுக்கு அனுப்பினால், தாள் வருவதற்கு முன்பே, நிரல் ஓடுவதற்கும் முன்பே, தொகுப்பி தடுத்துவிடும். சோதிப்பதற்காக முனிராஜையே தவறான கட்டளையைத் தட்டச் சொன்னேன். தட்டினார், திரையில் சிவப்பு எழுத்துகள் நிறைந்தன. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஓனர்னுகூட பார்க்காம திட்டுது. இது உங்க கிளாஸ்ல படிச்சதேதான் டீச்சர், சந்தேகமே இல்ல."

பின்னர் நடந்தவை இவை. மாதப்பன் கல்லின் முதுகிலிருந்த கோடுகளைத் தேய்த்து அழித்துவிட்டு, புதிய படத்தை ஒட்டி மறுநாள் அறுத்தார். இதழ்கள் அனைத்தும் விரிசலின்றி வந்தன. ஆடி முடிவதற்குள் கெலமங்கலத்தில் தரை பதிக்கப்பட்டது. ஆவணியில் திருமணம் நடந்தது. மணமகளும் மணமகனும் வலப்பக்கம் சுழலும் சக்கரத்தின் நடுவில் நின்று வாழ்த்துப் பெற்றார்கள். கணினி பட்டறையின் மூலையில், மூக்குக்கு ஓட்டை விட்ட பாலிதீன் போர்வைக்குள் நலமாக இருக்கிறது. தரை பதித்த அன்று, அதை முதலில் மிதிக்குமாறு கௌரம்மா என்னை அழைத்தபோது, நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன். குனிந்து இதழ்களின் சுழற்சியை ஒருமுறை சரிபார்த்த பிறகே நிமிர்ந்தேன்.

வாழ்நாள் முழுவதும் சரியான விடைக்கு மதிப்பெண் போட்டே பழகிய நான், விடை சரியாக வந்துவிட்டதே என்று அலறிக்கொண்டு ஓடியது இந்தத் தொழிலில் மட்டும்தான்.