பத்துக்குப் பத்து

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் உண்டு. கணக்கு டியூஷன் என் பாடு, மற்றதெல்லாம் ஜெயபாய் அக்கா பாடு. அவள் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, ஒரே சபைக்காரி. தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவர் கிருபாநிதி நெஞ்சுவலியில் போன பிறகு, துணைக்கு ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வாயும் கொஞ்சம் நீளம். அவளுக்கோ வாயே கிடையாது. பதிமூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாங்கள் சண்டை போட்டதில்லை. அவள் சண்டைக்கு வந்தால்தானே!

மே மாதம் பரீட்சை முடிவு வந்ததும் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அக்காவிடம் கேட்க ஏரலில் இருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். அவள் லேசில் சொல்ல மாட்டாள். பிள்ளையை இரண்டு சாயங்காலம் பெஞ்சில் உட்கார்த்தி வாசிக்கவும் எழுதவும் சொல்வாள். பிறகு தாயைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் பிள்ளையை எழுப்புவது யார், வீட்டில் புத்தகம் வைக்க இடம் உண்டா என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தையும் விடுவதில்லை. தலைமையாசிரியரைப் பார்க்கும் முன்பே குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்ப்பாள், அடுத்து கக்கூஸ். ஒரு பள்ளியில் பியூன் அவளைச் சுகாதார இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நாற்காலி போட்டான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா. எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் திருத்தி, அடியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். சபையில் ஒருவர் கொடுத்த கல்யாணப் பத்திரிகைக்கு ஏழு மார்க் போட்டு, மொய்க் கவரோடு சேர்த்து மணமகனின் தகப்பனாரிடமே கொடுத்துவிட்டாள். அவர் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை.

அவள் மகள் ஜீவமணியை அப்பா செத்த மறு வருஷமே, பத்து வயதில், நாசரேத் பக்கம் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்தாள். மாதம் இரண்டு கடிதம் வரும். அக்கா அதைத் திருத்தி, மார்க் போட்டு, தன் பதிலோடு வைத்துத் திருப்பி அனுப்புவாள். தாயும் டீச்சரும் ஒருத்தியே என்று நானும் சிரித்தவள்தான். ஜீவமணி பதினொன்றாம் வகுப்பு முடித்து, நர்ஸ் டிரெயினிங் போய், வடக்கே பிலாயில் வேலையில் சேர்ந்தாள். போகும்போது அத்தனை கடிதத்தையும் கட்டாகக் கட்டி, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். லீவுக்கு வருவதில்லை. மாதம் பிறந்தால் நாலு வரி வரும். அக்கா வாசித்துவிட்டு மடித்து வைப்பாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. இவளுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆனால் அந்த விடுதிக் கடிதக் கட்டு தொழிலுக்கு உதவியது. பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தயங்குகிறவர்களிடம் அக்கா அதிலிருந்து கடைசிக் கடிதத்தை மட்டும் உருவிக் காட்டுவாள். அச்சடித்த மாதிரி எழுத்து, பத்துக்குப் பத்து. தகப்பன்மார் அதைப் பார்த்ததும் மயங்கிவிடுவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவனாண்டி, பெண்சாதி வடிவம்மாளையும் மகள் முத்துக்கனியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள், கெட்டிக்காரி. உள்ளூரிலேயே படித்தால் வயசுக்கு வந்ததும் அவருடைய அண்ணன்மார் படிப்பை நிறுத்தச் சொல்வார்கள், அவர்களை எதிர்த்துப் பேசத் தனக்குத் தைரியம் கிடையாது என்று அவரே ஒத்துக்கொண்டார். விடுதியில் போட்டுவிட்டால் கண்ணில் படாது, பதினொன்றுவரை படித்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. வடிவம்மாளுக்கு மனசில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை. விட்டால் அது கையைவிட்டே போய்விடும் என்று பயந்தாள். டீச்சரம்மா சொல்வதுதான் முடிவு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அக்கா வழக்கம்போலக் கட்டை எடுத்துவந்து கடைசிக் கடிதத்தை உருவினாள். சிவனாண்டி மயங்கினார். வடிவம்மாள் மட்டும் கையை நீட்டி முழுக் கட்டையும் வாங்கி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கடையில் நிற்கிறவள், எண் தெரியும்.

வெகுநேரம் பார்த்தாள். பழைய கடிதங்களில் தாள் கொள்ளாமல் மடிப்பு வரைக்கும் எழுத்து. வர வர அரைத்தாள், கால்தாள், கடைசியில் நாலு வரி.

"டீச்சரம்மா, இந்தச் செவப்பு யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"எழுத்து கொறையக் கொறைய மார்க்கு கூடிக்கிட்டே வருதே."

வடிவம்மாள் இருப்பதிலேயே நிறைய எழுதியிருந்த தாளை எடுத்து நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அக்கா வாங்கி, பாடம் நடத்துகிற அதே குரலில் வாசித்தாள்.

"அம்மா, நேத்து கனாவுல அப்பா செத்த அன்னைக்கு நடந்ததெல்லாம் வந்துச்சி. நான் முழிச்சி உங்களத் தேடுனேன். நீங்களும் செத்துப் போயிருவியளாம்மா? என்ன வந்து கூட்டிட்டுப் போங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடியில் இருந்த சிவப்பையும் சேர்த்தே வாசித்தாள். "வரி சாய்கிறது. ஓரம் விட்டு எழுதவும். பத்துக்கு நாலு."

சிவனாண்டி எழுந்து வாசல் பக்கம் போனார். அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளையடித்த சுவர்தான். இனி வடிவம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

வடிவம்மாள் கடிதங்களை ஒழுங்காக அடுக்கி, கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். அடுத்து அவள் சொன்னது அக்காவைக் குத்துவதற்காக இல்லை. அவளுக்கு ஒரு பெரிய கவலை தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு இந்தச் செவப்பெல்லாம் போடத் தெரியாதுல்லா, டீச்சரம்மா. எம்பிள்ள நெறைய எழுதுவா. அங்கனயே சேத்துவிடுங்க" என்றாள்.

ஜூனில் முத்துக்கனி போனாள். ஜூலையில் வடிவம்மாள் முதல் கடிதத்தை முந்தானையில் முடிந்து எடுத்துவந்தாள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி தாளின் நாலு பக்கமும் ஏறியிருந்தது. அக்கா வாசித்தாள். "அம்மா, நான் மூணு நாளு அழுதேன். நாலாவது நாளு கொறையத்தான் அழுதேன். ராத்திரி பாய நனச்சிட்டேன், பக்கத்துப் பிள்ள ஆருட்டயும் சொல்லல. நம்ம ஆடு குட்டி போட்டுட்டா?" இப்படியே போயிற்று. வடிவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் அக்கா. நான் அறிய அவள் சொன்ன முதல் பொய் அது. சிவப்புப் பேனா மேஜையில் மூடியபடியே கிடந்தது.

வடிவம்மாள் போன பிறகு அக்கா ஒரு தாளை எடுத்து, அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நான் இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே இருந்தாள்.

"ஜெபகனி, இதுக்கு மேல என்ன எழுதணும்?"

மனசில் இருப்பதை எழுதச் சொன்னேன்.

"மனசுல ஒண்ணும் இல்லையே."

"அப்ப அதையே எழுதுங்க" என்றேன், எரிச்சலில்தான்.

எழுதினாள். ஒன்றும் இல்லை என்று எழுத ஆரம்பித்தது, இரண்டாவது தாளுக்குப் போயிற்று. என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து பிலாயிலிருந்து தடித்த கவர் வந்தது. வழக்கமான நாலு வரிகூட இல்லை. அக்கா எழுதிய கடிதமே திரும்பி வந்திருந்தது. கடைசித் தாளின் அடியில் சிவப்பு மையில், 'வரி சாய்கிறது. ஓரம் விட்டு எழுதவும். பத்துக்கு நாலு.'

பெற்றவளுக்கு இப்படியா எழுதுவது, என்ன நெஞ்சழுத்தம் என்று கத்தினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. அவள் புருஷனின் சவப்பெட்டியை மூடும்போதுகூட நான் அதைக் கண்டதில்லை.

"நாலுதான் போட்டிருக்கா, ஜெபகனி. பத்து போடல பாரு" என்றாள்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் வரும் நேரம் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.