எழுத்தில் வாங்காத லீவு

ஒருநாள் என் கையில் கொப்புளம் போட்டிருந்ததைச் சுவர்ணா கண்டுவிட்டாள். போத்தல்களில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை என்னால் வாசிக்க முடியாது. தரை கழுவுகிற மருந்தென்று நினைத்து வேறெதையோ தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலை ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் அவள் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருந்தாள். எந்த நிறம் எதற்கென்று என் காதுக்குள் மட்டும் சொன்னாள். வேறு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

உடுவிலில் ஒரு டொக்டரின் சின்னக் கிளினிக்கில் நாங்கள் வேலை செய்தோம். நான் கூட்டித் துடைப்பவள். சுவர்ணா வாசல் மேசையில் இருந்து நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுப்பாள். புருசன் செத்த பிறகு, பதினொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்துதான் மகள் கோபிகாவை வளர்த்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை, எனக்கும் இல்லை. நாளைக்கு வாரும் என்றார்கள், வந்தோம்.

போன பங்குனியில் மட்டுவிலில் அவளுடைய தாய் இறந்துபோனார். அழுதுகொண்டு நின்றவளிடம் டொக்டர், "முப்பத்தொண்டும் முடிச்சுக்கொண்டு ஆறுதலா வாரும். உம்மடை இடம் இருக்கும்" என்றார். வாளியோடு பக்கத்தில் நின்ற நான் அதை இரண்டு காதாலும் கேட்டேன். அவள் உடுவில் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு தாய் வீட்டுக்குப் போனாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அவள் வந்தபோது கதிரையில் வேறொரு பிள்ளை இருந்தாள். ஏழு நாளுக்குள் வராவிட்டால் தானாக விலகியதாக எடுப்போம் என்று பதிவுத் தபால் போட்டோமே என்றார் டொக்டர், தலை நிமிராமல். தபால்காரர் போட்டுவிட்டுப் போன துண்டு, உடுவில் வீட்டின் பூட்டிய படலைக்குள் மண் மூடிக் கிடந்தது.

நாற்பத்தாறு வயதில் வேறு எங்கே போவாள்? மூன்று கிளினிக்கில் கேட்டாள். இளம் பிள்ளைகள்தான் வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்கத் தொழில் கந்தோரில் முறைப்பாடு கொடுத்தாள். லீவை எழுத்தில் வாங்கினீரா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். டொக்டர் சொன்னதைக் கேட்டவர் யாராவது உண்டா என்றார்கள். என் பெயரைச் சொன்னாள்.

சாட்சி சொல்ல வருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். விசாரணைக்கு முந்திய மூன்று வெள்ளியும் நல்லூருக்குப் போய், உண்மையைச் சொல்லத் தைரியம் தா என்று முருகனிடம் மன்றாடினேன்.

விசாரணை அன்றைக்கு டொக்டர் எனக்கு நேரே இருந்தார். ஒரு சொல்லும் மிரட்டவில்லை. அதிகாரி என்னைக் கேட்டபோது, வீட்டில் பாயோடு கிடக்கிற என் மனிசன்தான் கண்ணுக்குள் நின்றார். இந்த வேலையும் போனால் அவரை எப்படிப் பார்ப்பேன்?

"எனக்கு வடிவாக் கேக்கேல்லை, ஐயா" என்றேன்.

சுவர்ணா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். அவளுடைய முறைப்பாடு அதோடு விழுந்துபோனது.

பஸ் நிலையம் வரைக்கும் இருவரும் நடந்தோம். மகளின் படிப்பை நிறுத்திவிட்டு மட்டுவிலுக்கே போகிறோம் என்று அங்கே வைத்துத்தான் சொன்னாள். அன்றைக்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை. பஸ்ஸில் ஏற முதல் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். பரவாயில்லை எண்டு சொல்லத்தான் பாக்கிறன், வாய் வருகுதில்லை. நான் போயிட்டு வாறன்."