மூக்கால் பாடிய அண்ணா

நாற்பது பேருக்குப் பாடுவதற்காகப் பனிக்குள் ஆறு மணித்தியாலம் வாகனம் ஓட்டிய அண்ணாவுக்கு, ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர ஏன் முடியாமல் போனது? அவர் போனபின் ஒரு வருடமாக யோசிக்கிறேன். இப்போது அதற்குப் பதில் எனக்கு அவசரமாகவும் தேவைப்படுகிறது. அண்ணாவுடன் மேடையில் வாத்தியம் வாசித்தவர்கள், வருகிற அறுவடை விழாவில் என் ஒன்பது வயது மகளைத் தங்களோடு பாட அழைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அதே குரல்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் ரொறன்ரோ வந்தவர். பார்க்டேலில் ஒற்றை அறை வீடு. நான் பிறந்தது அங்குதான். அப்பா நகருக்கு வெளியேயுள்ள கடைகளுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுபோய்க் கொடுப்பார். சனிக்கிழமைகளில் அண்ணாவும் கூடப் போவார். நகரத்தைத் தாண்டினால் அந்தப் பழைய வாகனத்தின் வானொலியில் கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் போடும் நிலையம் ஒன்றுதான் எடுபடும். அப்பாவுக்கு அது இரைச்சல். அண்ணாவோ, குதிரையைக் கிட்டத்தில் பார்த்திராத பிள்ளை, குதிரைக்காரரின் துயரங்களை மனப்பாடமாகப் பாடத் தொடங்கினார்.

அம்மா பயந்துபோய்ச் சங்கீத வகுப்பில் சேர்த்தார். சில மாதங்களில் ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். "குறை நினைக்காதேங்கோ. பிள்ளை மூக்காலை பாடுறார். என்னாலை திருத்தேலாது." அந்த மூக்கைத்தான் பிறகு ஊர் ஊராக ரிக்கெற் வாங்கிக் கேட்டார்கள்.

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு, மதுச்சாலைகளில் பாடினார். கௌபாய்த் தொப்பியோடு மேடையேறும் தமிழ்ப் பையனைப் பார்த்துச் சிரித்தவர்கள், பாட்டு முடியும்வரை சிரித்ததில்லை என்று அவருடன் பிடில் வாசித்தவர் சொல்வார். எங்களவர்கள்தான் விடாமல் சிரித்தார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அங்கிள், "தம்பி, மாடு எங்கை கட்டியிருக்கிறீர்?" என்று கேட்டார்.

"பார்க்கிங்கிலை நிக்குது அங்கிள். போகேக்கை பாத்துப் போங்கோ, உதைக்கும்."

சில வருடங்களில் அண்ணாவின் பாட்டு வானொலியில் வந்தது. அம்மா குசினியில் தண்ணீர்க் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும், "உவன் இன்னும் மூக்காலைதான் பாடுறான்" என்றார். அடுத்த கிழமை அதே அங்கிள் தன் பிள்ளைகளுக்கு ரிக்கெற் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

என் கலியாணத்தில் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டியவர் அண்ணா. மாப்பிள்ளை மண்டப வாசலில் நிற்கிறார், அண்ணாவைக் காணவில்லை. கடைசியில், வெளியூர்க் கச்சேரியிலிருந்து நேராக, வேட்டிக்குக் கீழே சேறு படிந்த நீளச் சப்பாத்துகளோடு ஓடிவந்தார். ஐயர் அவரை மேலும் கீழும் பார்த்து, "முதலிலை ஆருடைய காலைக் கழுவுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வயிற்று நோவுக்கு வைத்தியர் சொன்ன பரிசோதனையையும், கச்சேரிகள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். கச்சேரிகள் முடிந்தபோது புற்றுநோய் பரவியிருந்தது. இந்த நினைவு மலரில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. அழித்தேன், பிறகு திரும்ப எழுதினேன்.

மருத்துவமனையில் மகள் அவருக்குப் பாடிக் காட்டுவாள். ஒருநாள் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன்: "இவளும் பாடத்தான் போறன் எண்டு நிக்கிறாள். விடட்டோ?"

அண்ணா சிரித்தார். "என்னட்டைக் கேக்கிறியோ? நான் ஆரட்டைக் கேட்டனான்?"

நேரான பதில் தருவது அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை.

அண்ணாவைப் பிள்ளைபோலப் பார்த்த தாதியருக்கும், மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்த அன்ரிமாருக்கும், தூர ஊர்களிலிருந்து வந்து கட்டிலருகே மெதுவாக வாசித்த அவரின் நண்பர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முதல் இன்றைய ஆண்டுத் திவசம் வரை கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஓர் உதவி வேண்டும். அம்மா வேண்டாம் என்கிறார். கணவர், ஒரு நாள்தானே என்கிறார். அண்ணாவுக்கும் ஒரு நாளில்தான் தொடங்கியது. மறித்தால் மகள் என்னை வெறுப்பாளோ, விட்டால் அவளையும் வீதிக்குக் கொடுத்துவிடுவேனோ என்று மாறி மாறி யோசிக்கிறேன். ஒன்றிலேயே மூழ்கிப்போன பிள்ளையை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அண்ணா நல்லவர் என்று என் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டாம், அது எனக்குத் தெரியும். மகளை விடட்டுமா, மறிக்கட்டுமா? சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.