ஆமாம்பட்டணத்துக் கொத்தனார்

எங்கள் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் ரங்கசாமி ஜலகண்டாபுரத்தில் காலமாகிவிட்டார் என்று பியூன் வந்து சொன்னபோது, நான் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடிவைத்தேன். அன்று மீண்டும் திறக்கவில்லை.

சேலத்தில் அவருடன் வேலை பார்த்த எங்களுக்கு அவர் படம் போடுபவர். சொந்த ஊரான ஜலகண்டாபுரத்தார் அவரை நாடகக்காரராகவே அறிவார்கள். ‘ஆமாம்பட்டணம்’ அவர் எழுதிய நாடகம். பாதாளத்தில் ஒரு நகரம். முரசு ஒலிக்கும், ஒரு குரல் கட்டளையிடும், சனங்கள் ‘ஆமாம்’ என்பார்கள். முரசை அடிப்பது யார் என்று கேட்கும் ஒரே ஒரு கொத்தனாரைத் துரத்திவிடுவார்கள். ஊர்வலங்களும் கொடிகளும் பெருகியிருந்த காலம் அது. எந்தக் கட்சியைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கூட்டத்துல நிக்கிறப்ப நம்ம தலைக்குள்ளயே ஒரு ஊரு முளைக்குதுங்களே, அதைத்தானுங்க” என்றார்.

அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். சிறிது நேரத்திலேயே கொட்டகை முழுவதும் நடிகர்களோடு சேர்ந்து ‘ஆமாம்’ என்று முழங்கத் தொடங்கியது. கொத்தனாராக நடித்தவர் ரங்கசாமியேதான். அவர் குரலை உயர்த்தாமல் “இல்லை” என்றதும், “ஊரே ஆமாங்குது, உனக்கு மட்டும் என்னடா தனி வாயி!” என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. மண்ணாங்கட்டியும் பறந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தபோது கழுத்து மண்ணைத் துடைத்தபடி சொன்னார்: “பாத்தீங்களா டீச்சரம்மா, பட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம்னு பாத்தேன். டிக்கெட் வாங்கிக் குடியே வந்துட்டாங்க!”

பிறகு மோகனூரில் நாடகத்துக்கு அழைத்தவர்கள், கொத்தனார் கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். மறுத்தால் நடிகர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ரங்கசாமி மேடையில் மண்டியிட்டு ‘ஆமாம்’ என்றார். கைதட்டல் அடங்கவில்லையாம்.

“நல்லாத்தான் நடிச்சேனுங்க. அந்த நேரம் நெசமாவே சுகமா இருந்துச்சு. அதுதானுங்க தாங்கல” என்றார் என்னிடம். அதன்பின் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

சென்ற வாரம் அவர் ஊரில் இரங்கல் கூட்டம். “எல்லாரும் ஒரே குரலாப் பேசற அந்தப் பட்டணத்தைத்தான் மாஸ்டர் கனாக் கண்டாருங்க. அதை நாம கட்டோணுமுங்களா இல்லீங்களா?” என்றார் பேசியவர்.

“ஆமாங்க!” என்றது கூட்டம். என் உதடும் அசைந்தது.

பிறகு எழுந்து, “இல்லைங்க” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரைப் போலவே குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அவர் மேடையில் தனியாக நின்ற அன்று, கொட்டகையில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கலாம்.