ரெஸ்யூமேயின் முதல் வரி

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் என் முதல் ரெஸ்யூமேயை எழுதினேன். கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். என்னிடம் பி.காம். இருந்தது. அனுபவம் என்று எழுத ஒன்றும் இல்லை. பக்கம் வெறிச்சென்று கிடந்ததால் மேலே ‘அப்ஜெக்டிவ்’ என்று போட்டு, சொந்தக் காலில் நிற்க விரும்புகிறேன் என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன்.

“இதெல்லாம் இப்ப யாரும்மா போடுறாங்க? எடுத்துடு,” என்றாள் மகள். “எதுக்கும் அத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.”

அவளுடைய அத்தா, அதாவது என் கணவர், குவைத்தில் ஒரு கடையில் சூப்பர்வைசர். நிக்காஹ் முடிந்த வருடமே போனவர், லீவில் வந்து வந்து போகிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். அப்படி ஒரு வீட்டுப் பெண் வேலைக்குப் போனால், புருஷன் அனுப்புவது பத்தவில்லை என்று பேச்சு கிளம்பிவிடும். வேண்டாம் என்றுதான் சொல்வார் என நினைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“வேலைக்குப் போறதுன்னா போ. அந்த மேல் வரிய மட்டும் எடுத்துடு. படிக்கிறவன் என்ன நினைப்பான்? நான் ஒழுங்கா அனுப்புறதில்லன்னுதானே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகள் சொன்னபோது எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இவர் சொன்னதும் மனம் வரவில்லை. எனக்கென்று ஒரு வரி எழுதினால் அதிலும் இவர் கௌரவம் குறுக்கே வந்து நிற்க வேண்டுமா?

“உங்க ரெஸ்யூமேல நீங்க என்னங்க போட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஏஜெண்ட் போட்டுக் குடுத்தான். கம்பெனி வளர்ச்சிக்குப் பாடுபடணும்னு ஏதோ இருக்கும்.”

“நீங்களே எழுதியிருந்தா?”

கடையில் யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வந்தார்.

“ஊருக்கு வந்துடணும்னு எழுதியிருப்பேன். அப்படி எழுதினா எவன் விசா குடுப்பான்?”

இத்தனை வருடத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. லீவு முடிந்து கிளம்பும்போதுகூடப் பெட்டியின் எடையைப் பற்றித்தான் பேசுவார். நானும் கேட்டதில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

“அந்த வரி இருக்கட்டுங்க,” என்றேன். “நான் சம்பாதிச்சாத்தான் நீங்க வர முடியும்.”

யார் என்ன நினைப்பார்கள் என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

“இன்னிக்கே அனுப்பிடு,” என்றார்.