அப்பன் பேர் தெரியாத மரம்

நான் திருப்பதியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். என் கணவர் பங்காருபாளையத்தில் மாந்தோப்பு பார்க்கிறார். சனிக்கிழமையானால் பஸ் ஏறிப் போய் அவரை வம்புக்கு இழுப்பது என் வழக்கம்.

ஒருமுறை வேலியோர அவரைக்காய்க் கொடியில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சியை அவருக்குக் காட்டினேன். "பாருங்க, ஆம்பளையே இல்லாம பொண்ணு பொண்ணா பெத்துக்கினே போவுது. அதுங்க எல்லாம் மறுபடி பெக்கும். ஆம்பளைங்க பொறந்தா பாதிப் பேரு சும்மா துன்னுகினு ஒக்காந்திருப்பாங்க. கணக்குப்படி ஒங்க ஆம்பள ஜாதியே எப்பவோ அழிஞ்சிருக்கணும்."

அவர் அசரவில்லை. "என் தோப்பும் அப்படித்தான் லெக்சரரம்மா. ஒரே தாய் மரத்துக் கிளைய வெட்டி ஒட்டினது. எல்லாம் அச்சு அசல் ஒண்ணு."

ஒன்றே ஒன்றுதான் அதில் சேராதது. கிணற்று மூலையில், யாரோ தின்று எறிந்த கொட்டையில் முளைத்த மரம். பழம் நாரும் புளிப்புமாக இருக்கும். 'அப்பன் பேர் தெரியாத மரம்' என்று ஏசுவார், வருஷா வருஷம் வெட்டப் போவதாகச் சொல்வார். நான் தடுப்பேன். மரத்தின் மேல் பாசமெல்லாம் இல்லை, அவரை எதிர்த்துப் பேச ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

போன தை மாதம் மேகமூட்டத்தோடு, மாம்பூவை உறிஞ்சும் தத்துப்பூச்சி இறங்கியது. ஒட்டு மரங்கள் மொத்தமும் பூவோடு கருகின. ஒரு மரத்தை மடக்கத் தெரிந்த பூச்சிக்கு அத்தனையையும் மடக்கத் தெரிந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் கலந்து, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் பிள்ளைகள் பிறப்பது இதற்காகத்தான் என்பது நான் வகுப்பில் அலுக்காமல் சொல்லும் பாடம். அன்று அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

விளைச்சல் போனதைவிட அவரை அரித்தது கூடைதான். எங்கள் பழைய மிஷன் சபையில் மாம்பழக் காலத்தில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கூடையில் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைப்போம், ஆராதனை முடிந்து ஏலம். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டுக் கூடை தவறியதில்லை. மண்டியில் வாங்கி வைத்தால் அது காணிக்கை ஆகாது.

"இந்த வருசம் நான் கோயிலுக்கு வரல" என்றார்.

கிணற்று மூலை மரமோ தாமதமாகப் பூத்து, தன்பாட்டுக்குக் காய்த்து நின்றது. பண்டிகையன்று காலை அவரே போய்ப் பறித்துக் கூடையை நிரப்பினார்.

ஏலம் விட்ட சபை மூப்பர் ஒரு பழத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா ரகம்ண்ணா?"

கோயில் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. என் கணவர் எழுந்து நின்றார்.

"ரகமெல்லாம் இல்ல. கொட்டையில வந்தது." கூடையைக் கைகாட்டினார். "அப்பன் பேரு யாராவது கேட்டா, என் பேரச் சொல்லு."