திரும்பி இருந்த ஆப்பு

எங்கள் பட்டறை வரிசையில் அவருக்குப் பெயர் ரசமட்டம். எதன் மேலும் அந்தக் குமிழிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. நான் பக்கத்துக் கடையில் இரும்பு கடையும் லேத்தும் இழைக்கும் ஷேப்பரும் வைத்துப் பிழைக்கிறேன். புது மேசை வாங்கிப் போட்ட அன்று வாழ்த்த வருகிறவர் போல வந்தார். பையிலிருந்து மட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். "இந்தப் பக்கம் ஒரு நூல் தாழ்வா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மேசையில் எதை வைத்தாலும் உருண்டு விழுந்துவிடும் போலவே எனக்குத் தோன்றுகிறது. பாவி மனிதர்.

அவர் தொழில் வண்டிகளின் பின்பக்க வேலை. பாரம் தாங்கும் வில் பட்டை, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு, அதைச் சேர்ந்த எல்லாம். இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர்களை நம்ப மாட்டார். "ஒரே ஒரு பள்ளத்துலதான் விழுந்துச்சு" என்று வண்டிக்காரர் சொன்னால், "மொத்தம் எத்தனை பள்ளம், உண்மையச் சொல்லுங்க" என்பார். மனைவி போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "என்ன விஷயம்?" என்றுதான் கேட்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பதினோரு வருஷமாக அங்கே வெல்டர். வேறு யார் வைத்த வெல்டானாலும் சுத்தியலால் தட்டி, காதை ஒட்ட வைத்துக் கேட்பார். மைத்துனன் வைத்ததை மட்டும் தட்டியதே இல்லை. இதை அவரே கவனித்திருப்பாரா என்று தெரியாது. நான் கவனித்திருக்கிறேன்.

கொஞ்ச நாளாக அந்த மைத்துனன் போன் வந்தால் வெளியே தெருவுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான். ரசமட்டத்துக்கு அது போதும். என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தனிக்கடை போடப் போறான்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் சந்தேகமே."



அந்த வாரம்தான் ஸ்பீக்கர் வாடகைக்காரரின் பிக்கப் வந்தது. வேறு எங்கோ கொடுத்து, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார். பார்க்க அழகுதான், ஆனால் வேகத்தடையைக் கண்டால் அழுகை. வழக்கமாகப் பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சைப் பட்டைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். வண்டி தாழ்ந்தது, ஆனால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அச்சு வண்டியின் அடிச்சட்டத்தில் இடித்தது. இன்னொரு கோளாறும் இருந்தது. எஞ்சினிலிருந்து வரும் நீளமான ஷாப்ட் வந்து சேர்கிற இடத்தை நாங்கள் மூக்கு என்போம். அச்சின் நடுவில் இருக்கும் அந்த மூக்கு மூன்று டிகிரி தொங்கிப் போயிருந்தது. மூக்கு தொங்கினால் வேகமெடுக்கும்போது ஷாப்ட் உதறும்.

மைத்துனன் சட்டத்தை அரைவட்டமாக வெட்டி, உள்ளே தகடு கொடுத்து வெல்டு வைத்தான். அச்சு ஏறி இறங்க இடம் கிடைத்தது. மூக்கைத் தூக்குவது ரசமட்டத்தின் வேலை. அதற்குப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். இரண்டு ஆப்பையும் இழைத்துக் கொடுத்தது நான்தான். வாங்கி ஐந்து முறை அளந்து பார்த்தார். ஆறாவது முறை என்னையும் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஸ்பீக்கர்காரர் திரும்பி வந்தார்.

"அண்ணே, முன்ன லேசா உதறிச்சு. இப்ப அம்பதத் தாண்டினா பல்லு அடிச்சுக்குது. ஸ்பீக்கரே போடாம வண்டி பாடுது!"

ரசமட்டத்தின் முதல் சந்தேகம் என் மேல்தான். "ஆப்பு எத்தனை டிகிரி இழைச்ச?" என்று கேட்டார்.

"மூணு. நீங்கதானே அஞ்சு தடவ அளந்தீங்க?" எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்தது ஸ்பீக்கர்காரர் மேல். "வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே."

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. இரண்டு ஆப்பும் திரும்பி இருந்தன. தடித்த பக்கம் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் இருந்தது. தூக்க வேண்டிய மூக்கு இன்னும் தொங்கிவிட்டது.

மைத்துனன் அப்போதுதான் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"எனக்கே ஆப்பு வைக்கிறியாடா?" என்று ரசமட்டம் கத்தினார். வரிசைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். "என் பேரக் கெடுத்துட்டுப் போய்த் தனிக்கடை போடலாம்னு பாக்குற, இல்ல?"

"என்ன மாமா சொல்றீங்க? நான் தொடவே இல்ல."

"அப்ப ஆப்பு தானா திரும்பிப் படுத்துக்கிச்சா?"

மைத்துனன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து, கையுறையைக் கழற்றி வெல்டிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் இறங்கிப் போனான்.

"பாத்தியா, பதில் இல்ல!" என்றார் என்னிடம். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நட்டை முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவது அவர் பழக்கம். யாராவது பிறகு நட்டைத் திருகியிருந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பெயின்ட் டப்பாவை யாரிடமும் கொடுக்க மாட்டார்.

ஆப்பைத் திருப்பி வைக்க ஸ்பேனரோடு மறுபடி படுத்தவர், வெகுநேரம் அசையவில்லை. என்ன ஆயிற்றோ என்று நானும் குனிந்தேன். எட்டு நட்டிலும் மஞ்சள் கோடு மயிரிழை விலகாமல் அப்படியே இருந்தது. அவருக்குப் பிறகு யாருமே அதைத் தொடவில்லை.

சாதாரண வண்டியில் பட்டை மேலே, அச்சு கீழே. மூக்கைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் போக வேண்டும். இந்த வண்டியில் எல்லாம் தலைகீழ். ஆப்பு வைத்த அன்று காலையில் எனக்கு அதைப் பாடம் எடுத்தவரே அவர்தான். ஆனால் கைக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம், பழகிய பக்கமே வைத்துவிட்டது.

முறுக்கியதும் மட்டம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் வைக்கிறவர் அன்று ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து மைத்துனனுக்குப் போன் வந்தது. மட்டத்தைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டார். திரும்பி வந்ததும் வண்டியை இறக்கச் சொல்லிவிட்டார்.

ஆப்பைச் சரியாக வைத்து அனுப்பினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஸ்பீக்கர்காரர் சந்தோஷமாகக் கையாட்டினார், இவர் பதிலுக்குக் கையாட்டவில்லை. நான்கு நாள் மைத்துனன் வரவில்லை. வேறு ஒரு வெல்டரை வரச்சொல்லி, ஒவ்வொரு வெல்டையும் மூன்று தரம் தட்டிப் பார்த்து, அந்த ஆளையும் துரத்திவிட்டார். மைத்துனன் இல்லாமல் கடை ஓடாது. அதைவிட, அவன் இல்லாமல் அவருக்கே இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் துணைக்குக் கூப்பிட வந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்தப் போனெல்லாம் யார் தெரியுமா? என் வீட்டுக்காரி. 'மாமா இன்னிக்கு எப்படி இருக்காரு, கோவமா, சாதாரணமா'ன்னு தம்பிகிட்டக் கேட்டுக்கிட்டுதான் வீட்ல எங்கிட்ட எதையும் பேசுவாளாம். நேத்து அவளே சொல்றா."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மைத்துனன் வீடு மாடியில். கதவைத் திறந்தவன், "வாங்க மாமா" என்றான். அந்த மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். இவர் உட்காரவில்லை.

"என் கைதான் மாப்ள. பழைய வண்டி நெனப்புல நான்தான் திருப்பி வச்சிட்டேன். நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசினது தப்பு. நாளைக்குக் கடைக்கு வாடா."

"தெரியும் மாமா. அன்னிக்குக் குனிஞ்சப்பவே பாத்தேன். எட்டுக் கோடும் உங்க கோடு. அசையல."

"பாத்தியா?" அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல? அப்பவே காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

மைத்துனனுக்குக் கோபம் இல்லை. களைத்துப் போனவன் போலச் சொன்னான்.

"காட்டியிருந்தா, அந்தக் கோட்டையும் நான்தான் போட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல ரசமட்டம் வாயைத் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.